வேற்று மொழியில் கதை: பலெர்மோவின் குரல்கள்

பலெர்மோ நகரத்து மருத்துவர் ஜுசெப்பே பித்ரே 1875-இல் சிசிலியின் நாட்டார் கதைகளை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். கதைகளைச் சொன்னவர்களின் சிசிலியன் பேச்சிலேயே அவை அச்சேறின. அவருக்குக் கதை சொன்னவர்களில் தலைசிறந்தவர் அகத்துஸா மெஸ்ஸியா. கடலோரப் போர்கோ பகுதியில் பஞ்சுப் போர்வை தைத்துப் பிழைத்த மூதாட்டி, எழுத்து அறியாதவர். அவர் கதையில் கப்பல் வந்தால் மாலுமிகள் பேசும் சொற்களும் கூடவே வந்துவிடும். அச்சில் சொற்கள் மட்டுமே மிஞ்சின என்று பித்ரே வருந்தினார். மெஸ்ஸியாவின் கண்ணும் கையும், அறைக்குள் நடந்தும் குனிந்தும் நிமிர்ந்தும் அவர் சொன்ன விதமும், குரல் நடுங்கிய இடங்களும் பக்கத்தில் ஏறவில்லை.

பித்ரே இழந்ததாகச் சொன்ன அதே பட்டியல்தான் வேற்று மொழியில் கதை சொல்ல வருபவரின் கைமுதல். அவரிடம் சொல் குறைவு. உடலும் குரலும் குறைவில்லை.

இதற்கு நேர் எதிரான பயணமும் சிசிலியில் நடந்திருக்கிறது. மெஸ்ஸினாவில் பிறந்த லௌரா கொன்ஸென்பாக், சுவிஸ் வணிகக் குடும்பத்துப் பெண். அவர் சிசிலியனில் கேட்ட தொண்ணூறுக்கும் மேற்பட்ட கதைகளை ஜெர்மனில் எழுதினார். 1870-இல் லைப்சிக் நகரில் அவை நூலாயின. கதை கடல் கடந்தது, சொன்ன பெண்களின் குரல் கடக்கவில்லை.

அந்தக் குரலுக்கு எவ்வளவு வலிமை என்பதைப் பலெர்மோவின் 'குந்தோ' கலையில் பார்க்கலாம். ஒற்றை ஆள், கையில் ஒரு வாள், நாள்கணக்கில் நீளும் கதை. ஓர்லாந்தோ, ரினால்தோ முதலிய, பிராங்கிய மன்னர் சார்லமேன் அவையின் வீரர்களே நாயகர்கள். ஆக, கதைப்பொருளே பிரெஞ்சு மண்ணிலிருந்து வந்தது. போர்க்கட்டம் வந்ததும் கதைசொல்லி சாதாரணப் பேச்சை விட்டுவிடுகிறார். கால் தரையை உதைக்கிறது. மூச்சு வெட்டி வெட்டி வருகிறது. பொருளைப் பற்றிக் கவலைப்படாமல் அசைகள் துண்டாகின்றன. அந்த நேரத்தில் சிசிலியன் அறிந்தவருக்கும் எல்லாச் சொல்லும் பிடிபடாது. ஆனாலும் வாள் எங்கே இறங்கியது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்காது. இந்தக் கலையைப் பெப்பினோ சேலானோவிடம் கற்றவர் மிம்மோ குத்திக்கியோ, 1948-இல் பொம்மலாட்டக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் இன்றைய மேடைக்கு அதைக் கொண்டுவந்தார். அயல்மொழி கற்பிப்போர் இலக்கணப் புத்தகத்துக்கு முன் இவரைப் பார்க்க வேண்டும்.

பலெர்மோ பல்கலைக்கழகத்தில் அயலாருக்கு இத்தாலியன் கற்பிக்கும் இதாஸ்த்ரா பள்ளிக்கு, பெற்றோர் துணையின்றிக் கடல் கடந்து வந்த ஆப்பிரிக்க இளைஞர்கள் பலர் வந்தனர். அவர்களில் சிலர் அதற்கு முன் பள்ளி வாசலையே மிதித்ததில்லை. ஆனால் மூன்று நான்கு மொழிகள் பேசுவார்கள். பள்ளியை நடத்திய மொழியியலாளர் மாரி தகோஸ்தீனோ 2021-இல் வெளியிட்ட நூலில், லிபியா வழியாக வந்த இத்தகையோரின் மொழிவளத்தை விரிவாகப் பேசினார். ஈராக்கில் பிறந்து பலெர்மோவில் இத்தாலியனில் கதை சொல்லும் யூசிஃப் லத்தீஃப் ஜரல்லா, இந்த இளைஞர்களோடு கதைசொல்லலில் உழைத்தார். தாமும் வேற்று மொழியில் நின்று கதை சொல்பவர் என்பதால் அவர் வழிகாட்டுதலுக்குத் தனி மதிப்பு உண்டு. எழுத்துத் தேர்வில் பூஜ்யம் வாங்கக்கூடிய ஒருவர் சபையைக் கட்டிப்போடும் கதைசொல்லியாக இருக்கலாம். மொழி முழுதாக வரட்டும், பிறகு பேசலாம் என்று அவரைக் காக்கவைப்பது அநியாயம்.

தமிழுக்கும் இத்தாலிக்கும் இதில் பழைய உறவு உண்டு. இத்தாலியில் 1680-இல் பிறந்த பெஸ்கி, நம் வீரமாமுனிவர், தமிழ் கற்கும் அயலாருக்குப் பயன்படும்படி பேச்சை ஒட்டிய நடையில் பரமார்த்த குருவின் கதையை எழுதினார். 1822-இல் பெஞ்சமின் பாபிங்டன் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சிட்டார். ஆற்றைக் கடந்த சீடர்கள் தலையெண்ணும் கட்டத்தில், எண்ணுபவர் தன்னை விட்டுவிட்டே எண்ணுகிறார். நிகழ்ச்சி திரும்பவர, சொற்களும் திரும்பவருகின்றன. சிரித்துக்கொண்டே கற்பவர் அவற்றை வசமாக்கிக்கொள்கிறார். பாடநூல் வகுப்பவர்கள் இன்னும் இதைவிடச் சிறந்த உத்தியைக் கண்டதாகத் தெரியவில்லை.

இன்று பலெர்மோவிலேயே ஈழத்தமிழர் வாழ்கிறார்கள். 1980-களிலிருந்து வந்து குடியேறியவர்கள். இந்துக்களும்கூட மோந்தே பெல்லெக்ரீனோ மலையேறிப் புனித ரொசாலியாவை வணங்குகிறார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் இத்தாலியன், தெருவில் சிசிலியன் என்று அவர்கள் பிள்ளைகளுக்கு மொழி மூன்று. இந்தப் பிள்ளைகளுக்கு வில்லுப்பாட்டு நல்ல வழி காட்டும். அதில் தலைமைப் பாடகர் ஒரு வரி சொன்னதும், பக்கப்பாட்டுக்காரர் 'ஆமாம்' போடுவார், கேள்வி கேட்பார், வரியைத் திருப்பிச் சொல்வார். தடுமாறும் கதைசொல்லிக்கு மூச்சுவிட அந்த இடைவெளி போதும். அம்மம்மா தமிழில் ஒரு வரி சொல்ல, பேத்தி அதையே இத்தாலியனில் எடுத்துச் சொல்ல, அவள் வகுப்புத் தோழர்கள் 'ஆமாம்' போட ஒரு கதையை முழுதாக நடத்தலாம். அம்மம்மாவுக்கு இத்தாலியனும் பேத்திக்குத் தமிழும் அரைகுறையாக இருந்தாலும் நடத்தலாம்.