அண்மையில் வாசித்தவை: இரண்டு அவுஸ்திரேலிய நாவல்கள்

சங்கரி சந்திரனின் 'சாய் டைம் அட் சினமன் கார்டன்ஸ்' 2023இல் மைல்ஸ் பிராங்க்ளின் விருதைப் பெற்றபோது சிட்னியில் நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். எத்தனை பேர் வாசித்தோம் என்பது வேறு கதை. நானே கடந்த மாதம்தான் வாசித்து முடித்தேன்.

வெஸ்ட்குரோவில் ஒரு முதியோர் இல்லம். அதை உருவாக்கிய மாயா, கணவன் ஸாகீர், மகள் அஞ்சலி, யுத்தத்திலிருந்து தப்பி வந்து அங்கே வேலை செய்யும் றூபன். முன்பொருநாள் ஸாகீர் அங்கிருந்த கப்டன் குக்கின் சிலையை அகற்றியது, பின்னர் இனவாதம் என்று முறைப்பாடாகிறது. இனவாதத்திடமிருந்து மக்களைக் காக்க வந்த ஏற்பாடு அவர்கள் மீதே திரும்புவதைக் காட்டும் பகுதிகளே நாவலின் பலம். ஆனால் கதை இலங்கைக்குப் போகும்போதெல்லாம் பாத்திரங்கள் வரலாற்றுப் பாடம் எடுக்கத் தொடங்கிவிடுகின்றன. தமக்குத் தெரிந்ததையே ஒருவருக்கொருவர் விளக்குகிறார்கள். பக்கத்தில் ஒரு வெள்ளை வாசகர் உட்கார்ந்திருப்பது போன்ற உணர்வு எனக்கு.

இதற்கு ஆசிரியரை மட்டும் குறைசொல்ல மனம் வரவில்லை. அவரது முதல் நாவலை, போதியளவு அவுஸ்திரேலியத் தன்மை அதில் இல்லையென்று இங்குள்ள பதிப்பாளர்கள் ஏற்கவில்லை. 2017இல் இலங்கையில்தான் அது வெளிவந்தது. விளக்கினால்தான் கதவு திறக்கும் என்று ஒரு எழுத்தாளருக்குக் கற்பித்தவர்கள் யார்?

இதே வாரங்களில் நோயல் நடேசனின் 'அசோகனின் வைத்தியசாலை'யையும் மீண்டும் எடுத்தேன். மெல்பேர்ணில் ஒரு மிருக வைத்தியசாலை, அங்கே வேலைக்குச் சேரும் தமிழ் வைத்தியர், கொலிங்வூட் என்று ஒரு பேசும் பூனை. நடேசனின் அரசியலோடு எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் பல; அதைக் காரணம் காட்டியே இந்நாவலைத் தொடாதவர்களையும் அறிவேன். நட்டம் அவர்களுக்குத்தான். பெண்பாத்திரங்கள் ஆணின் கண்ணாலேயே பார்க்கப்படுகின்றன, கட்டமைப்பும் தளர்வானது. ஆயினும் வெள்ளையரின் வேலைத்தலத்துச் சண்டை, வம்பு, தனிமை, நாய் பூனை மீதான அவர்களது பாசம் எல்லாவற்றையும் ஒரு தமிழன் நிதானமாக நின்று பார்க்கிறான். யாருக்கும் தன்னை விளக்கவேண்டிய அவசரம் அவனுக்கில்லை.

ஆங்கில நாவல் அவுஸ்திரேலியருக்கு எங்களைச் சொல்கிறது. தமிழ் நாவல் எங்களுக்கு அவுஸ்திரேலியரைச் சொல்கிறது. இரண்டாவதை எந்த அவுஸ்திரேலிய விருதுக்குழு வாசிக்கும்? புதிய நூற்றாண்டில் தமிழிலக்கியத்துக்குப் புலம்பெயர்ந்தோரே தலைமை தாங்குவர் என்று எஸ்.பொ. சொல்லிவந்தார். 2014இல் அவர் சிட்னியில் காலமானார். அந்த வாக்கைக் கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். நடேசனை வாசித்தபின் கேலியைச் சற்றுக் குறைத்துக்கொண்டேன்.

இரண்டு புத்தகங்களையும் ஒரு நண்பரிடம் கொடுத்தேன். விருது பெற்றதைப் பாதிவரை வாசித்திருந்தார். மற்றதைப் பற்றிக் கேட்டேன். "தமிழ்ப் புத்தகம்தானே, ஆறுதலாக வாசிக்கலாம்" என்றார்.