ஹைடியை வரைந்த கைகள்

ஜேர்மனியிலும் சுவிஸிலும் வளரும் எம் பிள்ளைகள் பலருக்கு ஹைடி அறிமுகமானவள். அல்ப்ஸ் மலைச் சிறுமியின் சித்திரத் தொடரை ஐரோப்பியப் படைப்பென்றே பலரும் எண்ணுகின்றனர். கதை யொஹானா ஸ்பீரியுடையது. சித்திரங்களோ 1974 இல் ஜப்பானில், வாரத்துக்கு ஓர் அத்தியாயமாக 52 வாரங்கள் வரையப்பட்டவை.

சினிமா விமர்சனம் பெரும்பாலும் நெறியாளரின் பெயரோடு நின்றுவிடுகிறது. இங்கே அது போதாது. நெறியாளர் அத்தியாயம் முழுவதையும் சிறு கட்டங்களாகத் திட்டமிடுகிறார். அதன்படி ஒவ்வொரு ஷொட்டிலும் பாத்திரமும் பின்னணியும் நிற்கும் இடம் வரையப்படுகிறது. மூத்த ஓவியர்கள் அசைவின் முக்கிய நிலைகளை வரைய, ஒருவர் முகங்கள் மாறாதபடி அவற்றைத் திருத்துகிறார். இடைப்பட்ட நிலைகளை நிரப்புவோர் இளையவர்கள். அந்நாளில் இவை செலுலாயிட் தாள்களில் பிரதியாகி, நிறந்தீட்டப்பட்டு, ஒவ்வொன்றாகப் படம்பிடிக்கப்பட்டன. இன்று நிறமும் படப்பிடிப்பும் கணினிக்குப் போய்விட்டன. கோடு இன்னமும் பெரும்பாலும் கையினுடையதே.

இந்த முறைக்குப் பின்னால் ஒரு சிக்கனக் கணக்கு உண்டு. 1963 இல் தெசுக்கா ஒசாமு தன் 'அட்டொம்' தொடரைச் செலவிலும் குறைந்த விலைக்குத் தொலைக்காட்சிக்கு விற்றார். செக்கனுக்கு 24 பிரேம். மூன்று பிரேமுக்கு ஒரு படமென்றால் எட்டே படங்கள் போதும். வாய் மட்டும் அசையும். வரைந்த படமே மறுபடி வரும். அவரது முஷி நிறுவனம் 1973 இல் வீழ்ந்தது. முறையோ நிலைத்துவிட்டது.

ஹைடியின் பெருமை, இந்த வறுமையை அது செலவிட்ட விதத்தில் இருக்கிறது. நெறியாளர் தக்காஹாத்தாவும் மியாசாக்கியும் கொத்தாபேயும் 1973 இல் சுவிஸுக்கே சென்று மலையையும் குடிசையையும் பார்த்தார்கள். பின்னர் ஷொட்டுகளின் அமைப்பை மியாசாக்கி வாராவாரம் வரைந்தார். சும்மா நிற்கும் இடங்களில் பாத்திரங்கள் அசையாது நிற்கின்றன. ஆனால் மலையேறும் சிறுமி உடுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிவதற்கும், நெருப்பில் சீஸ் உருகுவதற்கும் படங்கள் தாராளமாகச் செலவாகின்றன. வீரமோ சண்டையோ அல்ல, அன்றாட வாழ்வே அசையத் தகுந்தது என்ற தீர்மானம் அது.

எனினும் இந்த அழகை மட்டும் புகழ்ந்துவிட்டு எழும்ப முடியாது. இடைப்படம் வரைவோர் நெடுங்காலமாகத் துண்டுக் கூலிக்காரர். ஒரு தாளுக்குச் சுமார் 200 யென் என்பதே பரவலாகச் சொல்லப்படும் தொகை. ரோக்கியோவில் அந்தக் கூலியில் வாழ இயலாதவர்கள் தொழிலைவிட்டுப் போகிறார்கள். வேலை தென்கொரியாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் போகிறது. அவர்களது பெயர்கள் இறுதியில் சிறிய எழுத்தில் ஓடி மறைகின்றன. குசினிகளில் மணித்தியாலக் கூலிக்கு நிற்கும் எமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 'ஜப்பானியரின் உழைப்பே உழைப்பு' என்று எம்மவர் வியப்பதுண்டு. அந்த உழைப்பின் விலையைக் கேட்காத வியப்பு, முதலாளியின் வியப்பு மட்டுமே.

சிக்கனத்திலிருந்து கலை பிறந்தது உண்மை. ஆனால் சிக்கனம் பிடிக்கப்பட்டது யாருடைய வயிற்றில் என்பதையும் விமர்சனம் சொல்லியாக வேண்டும்.