எந்தத் திண்ணையிலிருந்து?

‘எங்கள் கிராமம்’ என்று கட்டுரை எழுதப் பணித்தேன். ஏடுகளைத் திருத்த அமர்ந்தால், மாணவர் அனைவரும் ஒரே ஊரில் பிறந்தவர்கள்! பச்சைப் பட்டு விரித்த வயல், பால் போன்ற உள்ளம், பகை அறியாப் பண்பு. துணைநூல் தந்த ஊர் அது; செஞ்சிக் கோட்டையைச் சுற்றி அப்படியோர் ஊரை நான் கண்டதில்லை. மல்லாட்டை பிடுங்கப் போய் வகுப்புக்கு வராத பிள்ளையும், சாலைக்கு அப்பால் காலனியில் குடியிருக்கும் பிள்ளையும் அதே ஊரைத்தான் எழுதியிருந்தனர்.

பிள்ளைகளைக் குறை கூறேன், தோழர்களே! பெரும்புலவரும் செய்த பிழை இது. ஆங்கிலக் கவிஞர் ஆலிவர் கோல்ட்ஸ்மித் ‘கைவிடப்பட்ட கிராமம்’ என்ற பாடலை 1770-இல் வெளியிட்டார். அருள் நெஞ்சப் பாதிரி, அஞ்சத்தக்க ஆசிரியர், அந்தியில் கூடிக் களிக்கும் மதுக்கடை! செல்வர் நிலத்தை வளைக்க, உழவர் ஊரை விட்டு ஓடிய கொடுமையைச் சாடினார். அது அவர் பெருமை. ஆனால் ஓடுமுன் அவ்வுழவர் வாழ்ந்த வாழ்வின்மீது தேன் தடவிவிட்டார்.

தேனைத் துடைத்தவர் ஜார்ஜ் கிராப். 1783-இல் வந்த அவரது ‘கிராமம்’ காட்டுவது, மண்சுவர் எழுப்பிய ஏழையர் விடுதி. உழைத்து ஓய்ந்தபின் எவருக்கும் வேண்டாதவனான கூலியாள். நோயாளியைப் பார்க்கவும் மனமில்லாத மருத்துவன். ஏழையின் அடக்கத்திற்கு வாராத பாதிரி. எழுதியவரே பாதிரியார்தாம்! ஆயினும் இரண்டாம் பாகத்தை ரட்லண்டு பிரபுவின் குடும்பப் புகழில் கொண்டுபோய் முடித்தார். பிரபுவின் மாளிகையில் அவருக்கு வேலை, பேனா வளைந்தது.

இந்தியக் கிராமங்களைச் சிறு குடியரசுகள் என்று 1830-இல் வருணித்தவர் சார்லஸ் மெட்காஃப் என்னும் வெள்ளை அதிகாரி. நம்மவர் அதை மந்திரமாக ஓதினர். 1948 நவம்பர் 4-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் அந்த வருணனையை எடுத்துப் படித்துக் காட்டி, அறியாமையும் குறுகிய மனமும் குடியிருக்கும் இடமே கிராமம் என்று முகத்தில் அறைந்தாற்போல் உரைத்தார். அரசியல் உரை என்பீர். அதனினும் கூரிய திறனாய்வை நான் படித்ததில்லை.

எங்கள் விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் நுழைவதா என்ற பூசலில், 2023 ஜூனில் கோயிலையே பூட்டி முத்திரையிட்டனர். அவ்வூரை ‘பகை அறியாப் பண்பு’ என்று எழுதும் ஏட்டுக்கு எத்தனை மதிப்பெண் தருவது?

ஏடுகளைத் திருப்பித் தந்தேன். அவரவர் வீட்டு வாயிற்படியில் அமர்ந்து எழுதி வரச் சொன்னேன். காலனிப் பிள்ளை பதினொரு வரி எழுதி வந்தான். அவர்கள் சுடுகாட்டுக்குப் போகும் பாதை மழையில் முழங்காலளவு சேறாகுமாம். பாட்டியைச் சுமந்து சென்றோர் இருமுறை வழுக்கி விழுந்தனராம். எழுத்துப்பிழை ஏழு; திருத்தினேன். வேறெங்கும் கை வைக்கவில்லை.