பழையதை அழிக்கத் தெரிந்த பேக்கப்: ரெஸ்டிக் செயலி விமர்சனம்

பேக்கப்பே எடுக்காத கடைகளைவிட, எடுக்க ஆரம்பித்துப் பாதியில் விட்ட கடைகளைத்தான் தாராவியில் அதிகம் பார்க்கிறேன். ஒரு டெராபைட் டிஸ்க் வாங்குவார்கள். ராத்திரி கடை அடைக்கும்போது முழு ஃபோல்டரையும் அன்றைய தேதி போட்டு அதில் காப்பி செய்வார்கள். கொஞ்ச நாளில் டிஸ்க் நிரம்பும். எதை அழிப்பது என்று தெரியாது, அழிக்கவும் பயம். அன்றோடு பேக்கப் நின்றுவிடும்.

கணக்கைப் பாருங்கள். பெட்டியில் ஒரு டெராபைட் என்று போட்டிருந்தாலும் விண்டோஸ் காட்டுவது 931 ஜிபிதான். ஃபோல்டர் 80 ஜிபி என்றால் முழு காப்பி 11 கொள்ளும், 12ஆவது நாள் இடமில்லை. ஆனால் ஒரு நாளில் உண்மையில் மாறுவது அந்த 80 ஜிபியில் ஒரு சிறு பங்கு. மீதியெல்லாம் நேற்று வைத்ததையே இன்றும் வைப்பது.

இந்த வீண்செலவை நிறுத்தும் செயலிதான் ரெஸ்டிக். அலெக்சாண்டர் நியூமன் தொடங்கிய இலவச, திறந்த மூலச் செயலி. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இதே வேலையைச் செய்யும் போர்க் செயலிக்கு விண்டோஸில் நேரடிப் பதிப்பு கிடையாது. நம் கடைகளில் இருப்பது பெரும்பாலும் விண்டோஸ் என்பதால் ரெஸ்டிக்கை எடுத்துக்கொண்டேன். நைன்டி ஃபீட் ரோடு பக்கம் தோல் பை செய்யும் உறவினரின் கார்கானா கணினியில் போட்டு ஓட்டினேன். டாலி கணக்கு, கோரல்டிரா டிசைன்கள், வாடிக்கையாளருக்கு அனுப்பும் படங்கள் என்று எல்லாம் கலந்து கிடக்கும் கணினி அது.

ரெஸ்டிக் ஒவ்வொரு கோப்பையும் சராசரியாக ஒரு எம்பி அளவுத் துண்டுகளாக வெட்டுகிறது. ஏற்கெனவே டிஸ்க்கில் இருக்கும் துண்டை மறுபடி எழுதுவதில்லை. வெட்டும் இடத்தைக் கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்த்தே தீர்மானிப்பதால், கோப்பின் நடுவில் நாலு வரி சேர்த்தாலும் அந்த இடத்துத் துண்டு மட்டும்தான் புதிதாகச் சேரும். 80 ஜிபியில் தினம் ஒரு ஜிபி மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மாத பேக்கப்பும் ஏறக்குறைய 110 ஜிபிக்குள் அடங்கிவிடும். 2022இல் வந்த 0.14 பதிப்பிலிருந்து தரவைச் சுருக்கும் வசதியும் உண்டு. கணக்குக் கோப்புகள் நன்றாகச் சுருங்கும். ஜேபெக் படமும் வீடியோவும் முன்பே சுருக்கப்பட்டவை, அவற்றில் பெரிதாக எதுவும் மிச்சமாகாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. தினமும் ஜிப் போட்டு, அந்த ஜிப்பை ரெஸ்டிக்கிடம் கொடுக்காதீர்கள். உள்ளே ஒரு கோப்பு கொஞ்சம் மாறினாலும், ஜிப்பில் அந்தக் கோப்பு மாறிய இடத்திலிருந்து வேறாகிவிடும். அந்தப் பகுதிக்குப் பழைய துண்டுகள் பொருந்தாது. மூல ஃபோல்டரையே கொடுங்கள். டாலியை மூடிவிட்டுக் கொடுங்கள்.

இனி அழிக்கும் வேலை. கார்கானா அண்ணாச்சி கேட்டது இதைத்தான்: “தம்பி, பழசை அழிச்சா கணக்கு போயிடாதே?” போகாது. ஒவ்வொரு நாள் பேக்கப்பும் ஒரு ஸ்னாப்ஷாட். அது துண்டுகளின் பட்டியல் மட்டுமே. ‘ஃபர்கெட்’ என்ற கட்டளை பட்டியலை நீக்கும். வேறு எந்தப் பட்டியலிலும் இல்லாத துண்டுகளை மட்டும் ‘ப்ரூன்’ நீக்கும். நேற்றைய ஸ்னாப்ஷாட்டுக்குத் தேவையான துண்டு, போன வருடம் எழுதியதாக இருந்தாலும் அப்படியே இருக்கும். பலர் தடுமாறும் இடமும் இதுதான். ஃபர்கெட் மட்டும் ஓட்டினால் டிஸ்க்கில் இடம் கிடைக்காது. ப்ரூன் ஓடினால்தான் கிடைக்கும்.

எத்தனை ஸ்னாப்ஷாட்டுகளை வைத்திருப்பது என்று கார்கானாவில் நான் வைத்த விதி: தினசரி 7, வாராந்திரம் 5, மாதாந்திரம் 12, வருடாந்திரம் 8. கடைசி எண்ணுக்குக் காரணம் ஜிஎஸ்டி சட்டம். ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது 36ஆம் பிரிவு. 2024-25 கணக்குக்குக் கடைசி நாள் 31 டிசம்பர் 2025 என்றால் 2031 டிசம்பர் முடியும்வரை வேண்டும். வருடாந்திர விதி டிசம்பர் கடைசி ஸ்னாப்ஷாட்டைத்தான் பிடித்துவைக்கும். அதனால் மார்ச் 31 ஸ்னாப்ஷாட்டுக்குத் தனியாக ஒரு டேக் போட்டு, அந்த டேக் உள்ளதைத் தொடாதே என்றும் சொல்லிவைத்தேன்.

ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். ஃபர்கெட், கணினிப் பெயரையும் ஃபோல்டர் பாதையையும் வைத்து ஸ்னாப்ஷாட்டுகளைத் தனித்தனிக் குழுவாகப் பிரிக்கிறது. டிசைன் ஃபோல்டரை டி டிரைவிலிருந்து இ டிரைவுக்கு மாற்றினால் புதுக் குழு தொடங்கும். பழைய குழுவில் புதிதாக எதுவும் சேராததால் அதில் விதிப்படி எஞ்சிய ஸ்னாப்ஷாட்டுகள் அப்படியே நிற்கும், இடமும் அடைபட்டே கிடக்கும். எதையும் நீக்கும் முன் ‘டிரை ரன்’ போட்டுப் பாருங்கள். எது போகும், எது இருக்கும் என்று பட்டியல் காட்டும்.

டிஸ்க் முழுக்க நிரம்பும்வரை காத்திருக்கவும் கூடாது. ரெஸ்டிக் துண்டுகளைப் பொதிகளாகக் கட்டி வைக்கிறது. பாதி தேவைப்படும், பாதி தேவைப்படாத பொதிகளை ப்ரூன் திருப்பி எழுதுகிறது. அதற்கே இடம் வேண்டும். நூற்றுக்கு 15 பங்காவது எப்போதும் காலியாக விடுங்கள்.

குறைகள் உண்டு. ரெஸ்டிக்குக்குச் சொந்தமாகத் திரை முகப்பு கிடையாது, எல்லாம் கறுப்புத் திரையில் தட்டச்சு செய்வதுதான். கஷ்டமென்றால் பேக்ரெஸ்ட் என்ற இலவச முகப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்னாப்ஷாட்டை ஒரு டிரைவ் போலத் திறந்து பார்க்கும் வசதி விண்டோஸில் இல்லை. கோப்பைத் தேடி ரெஸ்டோர் செய்தாக வேண்டும். எல்லாமே குறியாக்கம் செய்யப்படுவதால் பாஸ்வேர்ட் தொலைந்தால் பேக்கப்பும் தொலைந்தது. அதைத் தாளில் எழுதி இரண்டு இடத்தில் வையுங்கள். ‘செக்’ கட்டளை சும்மா ஓட்டினால் அமைப்பை மட்டும்தான் சரிபார்க்கும். மாதம் ஒருமுறையாவது தரவின் ஒரு பங்கைப் படித்துப் பார்க்கச் சொல்லி ஓட்டுங்கள்.

பெரிய டிஸ்க் வாங்காமல் மிச்சமான பணத்தை எதற்குப் பயன்படுத்துவது? இரண்டாவது பிரதிக்குத்தான். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மிமீ மழை கொட்டியது. மித்தி ஆறு கரை தாண்டியது. அந்த ஆற்றோரத்தில் இருக்கும் தாராவியில் கணினியும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். இன்னொரு டிஸ்க் வாங்கி ரெஸ்டிக்கின் ‘காப்பி’ கட்டளையால் ஸ்னாப்ஷாட்டுகளை அதில் ஏற்றி, மாட்டுங்காவிலோ செம்பூரிலோ மேல்மாடியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். குறியாக்கம் இருப்பதால் பாஸ்வேர்ட் இல்லாமல் யாரும் திறக்க முடியாது.

மேக் வைத்திருப்பவருக்கு டைம் மெஷினே போதும். இடம் நிறைந்தால் பழையதை அதுவே நீக்கிக்கொள்ளும். விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி, நீங்கள் மாற்றாதவரை பழைய பிரதிகளை என்றைக்கும் வைத்திருக்கும். அந்த அமைப்பை மாற்றியே ஆக வேண்டும். கணக்கும் டிசைனும் பிழைப்பாக உள்ள சிறு தொழிலுக்கு என் பரிந்துரை ரெஸ்டிக். கட்டளைகளை ஒருமுறை எழுதி டாஸ்க் ஷெட்யூலரில் போட்டுத்தர வீட்டிலோ தெருவிலோ ஒரு பிள்ளை இருந்தால் போதும். ஆனால் எதை எத்தனை நாள் வைப்பது என்பதை முதலாளிதான் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அந்த நாலு எண்களையும் எழுதிவைத்துவிட்டு, அதன்பிறகு பெரிய டிஸ்க் தேவையா என்று பாருங்கள்.