ஐந்தில் ஒன்றைக் களவு கொடுத்த பாட்டு

திருப்பாலைக்குடியில் வல்லங்கள் கரை சேர்ந்து, வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்த காலை நேரம். கிழக்குக் கடற்கரைச் சாலையோர டீக்கடையில் ஓர் இளைஞர் தான் எடுத்த வீடியோவைக் காட்டினார். அவருடைய அப்பாவின் காய்த்துப்போன விரல்கள், வலைக்கண், நண்டின் நீலக் கால். ஒரு நிமிடப் படம்தான், நேர்த்தியாக எடுத்திருந்தார். அடியில் ஓடிய இசை காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“இந்த மியூசிக் எங்க புடிச்சீங்க தம்பி?”

“காபி ஷாப் மியூசிக்னு தேடினேன் மாமா. இதான் முதல்ல வந்துச்சு.”

மறுபடி ஓடவிடச் சொல்லித் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன். நாலு நாலாகத்தான் வந்தது. மெட்டு ‘டேக் ஃபைவ்’. பெயரிலேயே ஐந்து இருக்கிறது. யாரோ எங்கோ அதில் ஒன்றைப் பிடுங்கிவிட்டு, காதுக்கு உறுத்தாத பண்டமாக ஆக்கியிருக்கிறார்கள். அப்படிப் பிடுங்கியதில் என்ன போயிற்று என்பதுதான் இந்த வார அலசல்.

1959 ஜூலையில் நியூயார்க்கில் டேவ் புரூபெக் குழு பதிவு செய்த உருப்படி அது. எழுதியவர் சாக்சபோன் வாசித்த பால் டெஸ்மண்ட். நம்மூர்க் கணக்கில் சொன்னால் ‘தகிட தக’: மூன்றும் இரண்டும் ஐந்து. நம் கண்டச் சாபு ‘தக தகிட’ என்று போகும். இது அதைத் திருப்பிப் போட்ட நடை. ஆட வசதியான நாலடிக்குப் பழகிய கூட்டத்திடம் இது எடுபடாது என்று இசைத்தட்டு நிறுவனத்திலேயே தயங்கினார்கள். ஆனால் ‘டைம் அவுட்’ என்ற அந்த இசைத்தட்டு ஜாஸ் உலகில் மிக அதிகம் விற்றவற்றுள் ஒன்றானது.

அதன் ஆட்டத்தைக் கவனியுங்கள். புரூபெக்கின் பியானோ தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. கச்சேரியில் பின்னால் உட்கார்ந்து கை தப்பாமல் தாளம் போடுகிறாரே, அவருடைய வேலை அது. அந்தப் பிடிமானம் இருக்கும் தைரியத்தில்தான் டிரம்ஸ் வாசித்த ஜோ மொரெல்லோ இரண்டு நிமிடத்துக்கு மேல் தனி ஆவர்த்தனம் செய்கிறார். ஐந்துக்குள் அடங்காமல் அடியை இழுக்கிறார், தள்ளுகிறார், நடுவே மௌனமாக இருக்கிறார். விழுந்துவிடுவாரோ என்று நாம் பதறும்போது சமத்தில் வந்து நிற்கிறார். அந்தப் பதற்றமும் அது தீரும் கணமும்தான் இந்தப் பாட்டின் உயிர்.

நமக்கும் இதில் ஓர் உறவு உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு, 1958இல், அமெரிக்க வெளியுறவுத் துறை அனுப்பிய சுற்றுப்பயணத்தில் இந்தக் குழு சென்னைக்கும் வந்தது. பழநி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தை அவர்கள் இங்கே கேட்டார்கள். கணக்கு வழக்கில் கரை கண்ட கலைஞர் அவர்.

கடைகளிலும் லிஃப்டுகளிலும் ஓடும் பதிப்பில் முதலில் வெட்டுப்படுவது அந்த டிரம்ஸ்தான். பேசிக்கொண்டிருப்பவர் திரும்பிப் பார்த்துவிடுவாரே! அடுத்து ஐந்து நாலாகிறது. பிறகு சாக்சபோனின் மூச்சுச் சத்தம் போகிறது. மிஞ்சுவது மெட்டு மட்டும். வேலை செய்பவர் களைக்காமல் இருக்க அளந்து ஊற்றும் இசையை 1934இல் தொடங்கிய ‘மியூசாக்’ நிறுவனம் ஒரு தொழிலாகவே வளர்த்தது. கால்மணி நேரத் துண்டுகளாக, மெல்ல மெல்ல வேகம் கூட்டி அனுப்புவார்கள். யாரும் கவனிக்கக் கூடாது என்பதே அந்த இசைக்கு இலக்கணம்.

அதற்காகப் பின்னணி இசையே மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். தமிழில் அப்படிச் சொல்ல வாய் வராது. ‘பின்னணி இசை’ என்றால் நமக்கு இளையராஜா நினைவு வரும். வசனம் நின்ற இடத்தில் ஒரு புல்லாங்குழல் மீதிக் கதையைச் சொன்னது நினைவு வரும். ஜாஸிலும் அதற்குச் சான்று உண்டு. 1957 டிசம்பரில் ஓர் இரவு, பாரிஸ் ஒலிப்பதிவுக் கூடம். லூயி மால் எடுத்த படத்தின் காட்சிகளைத் திரையில் ஓடவிட்டு, அவற்றைப் பார்த்துக்கொண்டே மைல்ஸ் டேவிஸ் டிரம்பெட் ஊதினார். கையில் முழுதாக எழுதிய ஸ்வரத் தாள் கிடையாது. ழான் மோரோ காதலனைத் தேடி ராத்திரித் தெருவில் நடக்கிறார். அந்த நடைக்கு ஏற்ப மூச்சு நீள்கிறது, நிற்கிறது. அதுவும் பின்னணிதான். வாசித்தவர் கண்ணெடுக்காமல் காட்சியைப் பார்த்தார். டீக்கடையில் நான் கேட்ட பதிப்பு எந்தக் காட்சியையும் பார்த்துச் செய்ததல்ல.

எதிர்த்திசைப் பயணத்தையும் பார்த்துவிடுவோம். ஜாஸுக்குச் சம்பந்தமே இல்லாத பாட்டுகள் ஜாஸ் ஆவது அது. ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ நாடகத்தில் வந்த ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ எளிய, இனிமையான மேடைப் பாட்டு. 1960இல் ஜான் கோல்ட்ரேன் அதை எடுத்து ஏறக்குறைய 14 நிமிடம் வாசித்தார். மெட்டை அவர் சிதைக்கவில்லை. இரண்டே சுருதிக் கட்டில் நின்றுகொண்டு ராக ஆலாபனை போல விரித்தார்.

நம் வீட்டுப் பிள்ளைகள் செய்ததும் உண்டு. ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணான எம்.ஐ.ஏ., மாதங்கி அருள்பிரகாசம், லண்டனில் ஒரு சிறு தாளக் கருவியை வைத்து உருவாக்கிய பாட்டு ‘கலாங்’. அதை 2009இல் ‘ஹிஸ்டாரிசிட்டி’ இசைத்தட்டில் எடுத்து வாசித்தவர் விஜய் ஐயர். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த மகன். இயந்திரம் தட்டிய தாளத்தைப் பியானோ, பாஸ், டிரம்ஸ் என்று மூன்று பேர் கையால் வாசித்துக் காட்டினார்கள். இயந்திரத்துக்குத் தப்பு வராது. மனிதக் கைக்கு வரும். வரலாம் என்ற அந்த அபாயம் சேர்ந்ததும் பாட்டுக்கு வேர்வை வந்துவிட்டது.

‘டேக் ஃபைவ்’ பாட்டுக்கே லாகூரில் இன்னொரு பிறவி கிடைத்தது. திரைப்படத் தொழில் நசிந்து வேலையிழந்த வாத்தியக்காரர்களைச் சச்சல் ஸ்டூடியோவில் கூட்டி, சித்தாரும் தபலாவும் வைத்து அதை வாசிக்கச் செய்தார் இஸ்ஸத் மஜீத். சிறுவனாக இருந்தபோது அதே 1958 சுற்றுப்பயணத்தில் லாகூரில் புரூபெக்கைக் கேட்டவர் அவர். வாத்தியம் மாறியது, நிறம் மாறியது, ஐந்து மாறவில்லை. 90 வயதில் புரூபெக் அதைக் கேட்டு மனம் திறந்து பாராட்டினார்.

ஆக என் தீர்ப்பு இதுதான். பாட்டை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். மேடைப் பாட்டை ஆலாபனையாக்கலாம், சாக்சபோன் இடத்தில் சித்தாரை வைக்கலாம். ஆனால் அதில் கஷ்டமாக இருக்கும் இடத்தை எடுக்கக் கூடாது. கோல்ட்ரேனும் விஜய் ஐயரும் எளிய இடத்தில் கஷ்டத்தைச் சேர்த்தார்கள். காபிக் கடைப் பதிப்பு கஷ்டத்தை நீக்கியது. ஆட்டத்தில் எதிரணிப் பந்துவீச்சாளரை அனுப்பிவிட்டு அடித்த சதத்துக்கு என்ன மதிப்போ, அதற்கும் அதே மதிப்பு.

அந்த இளைஞரிடம் அசல் பதிவைப் போட்டுக் காட்டினேன். 5 நிமிடம் 24 விநாடி. டிரம்ஸ் வந்தபோது கடைக்காரரும் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கரைவலை இழுக்கையில் அம்பாப் பாட்டுப் பாடி, கைக்கும் பாட்டுக்கும் ஒரே மூச்சு வைத்திருந்த கடற்கரை இது. தம்பிமார்களுக்கு ஒரே வேண்டுகோள்: உங்கள் அப்பாவின் கையைப் படம் எடுத்தால், அந்தக் கை வலையை இழுக்கும் வேகத்தை முதலில் எண்ணிப் பாருங்கள். அதற்கு ஒத்த தாளத்தைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கடலின் சத்தமே போதும்.