சீற்றுக்கு அடியில் 41 ஹேர்ட்ஸ்

ஏ-9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போகிற வாகனம் குறைவு. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, சாரதி மறுபடி ஏறும்வரை வானுக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். எந்த வாகனத்துக்கு சப் வூபர் பூட்டியவர் கைகாரர் என்று கண்டுபிடிக்க வன்னியில் இதைவிட நல்ல இடம் இல்லை. ஒன்றில் பாட்டைவிட இலக்கத்தகடு பலமாக அதிரும். இன்னொன்றில் வெளியே நிற்பவருக்குப் பெரிதாக ஒன்றும் கேட்காது. கதவைத் திறந்து தலையை நீட்டினால் தவிலின் தொப்பி அடி நெஞ்சில் விழும். என் வாக்கு இரண்டாவதுக்குத்தான்.

ஒலியின் அருமை தெரிந்த மண் இது. 1990களில், போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பற்றரி கிடைக்காத நாட்களில், சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் றேடியோ இயக்கிச் செய்தியும் பாட்டும் கேட்டார்கள். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற், 3 வோட்ஸ். இன்று அம்பிளிபயரும் உள்ளேயே அடங்கிய தட்டையான சப் ஒன்று, 150 வோட்ஸ் என்று மட்டையில் எழுதிக்கொண்டு கடைக்கு வருகிறது. அதில் பாதியோ மூன்றில் ஒன்றோதான் அது விடாமல் தரக்கூடியது. ஆனாலும் போதும்.

ஏன் போதும் என்பதில்தான் சுவை. பேஸ் கிற்றாரின் அடித்தந்தி நொடிக்கு 41 தடவை அதிர்கிறது. கதவில் இருக்கிற ஆறரை அங்குல ஸ்பீக்கர் அந்த ஆழத்துக்கு ஒழுங்காக இறங்காது. மேலே கிளைக்கிற சுரங்களை வைத்து அடிச்சுரத்தை நம் காதே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. இளையராஜாவின் பாட்டுகளில் குரலுக்குக் கீழே தன்போக்கில் நடக்கும் அந்த பேஸ் வரிசையை இவ்வளவு காலமும் பாதி கேட்டோம், பாதி கற்பனை செய்தோம். சப் செய்வது அந்த மீதிப் பாதியைக் கொண்டுவருவது.

41 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீற்றருக்குக் கிட்ட. வாகன்-ஆர் காரின் மொத்த நீளமே மூன்றரை மீற்றருக்குள். அலை விரிய இடமில்லாததால் கண்ணாடி ஏற்றிய காருக்குள் காற்றழுத்தம் முழுவதுமாக ஏறி இறங்குகிறது. எட்டு அங்குலச் சின்னச் சப் பெரிதாகக் கேட்பது அதனால்தான். திறந்த ஓட்டோவுக்கு இந்தச் சலுகை கிடையாது. பின்னால் பன்னிரண்டு அங்குலம் இரண்டு பூட்டினாலும், உள்ளே இருப்பவரைவிட ஒழுங்கைக்காரருக்குத்தான் அது கூடப் பயன்படும்.

பூட்டுகிற வேலையில் பார்த்து ரசிக்க நிறைய உண்டு. நல்ல கைகாரர் முதலில் பற்றரியின் நெகற்றிவைக் கழற்றுவார். வயரின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பார்ப்பார். செம்பு நிறத்துக்கு உள்ளே வெள்ளை தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், ஒதுக்கிவிடுவார். பொசிற்றிவ் வயர் பற்றரியிலிருந்து நேரே வர வேண்டும். அரை மீற்றருக்குள் பியூஸ் இருக்க வேண்டும். என்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகரத்தில் வயர் நுழைகிற துளைக்கு றப்பர் வளையம் போடுவார். ஏர்த் வயருக்கு, சீற்றுக்குக் கிட்ட ஒரு காசளவு இடத்தில் பெயின்றைச் சுரண்டி, தகரம் பளிச்சென்று தெரிந்த பிறகே போல்ற் இறுக்குவார். அந்தச் சுரண்டலில் சோம்பல் பட்டால், அக்சிலேற்றர் மிதிக்க மிதிக்கப் பாட்டோடு ஒரு கீச்சொலியும் ஏறும். மின் வயர் ஒரு கரையாலும், சிக்னல் வயர் மறு கரையாலும் போகும். கம்பளத்தை மறுபடி விரித்தால் ஒன்றுமே தெரியாது.

பிறகு சுதி சேர்ப்பது. 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. ஆகவே அந்த அளவுக்கு மேலே உள்ளதை வெட்டிவிட்டால், இடப்பக்க சீற்றுக்கு அடியிலிருக்கிற சப் முன்னாலிருந்து பாடுவதுபோலவே இருக்கும். அலையின் கட்டத்தை (phase) மாற்றுகிற சுவிச்சை இரண்டு பக்கமும் மாற்றிப் பார்த்து, சாரதியின் இருக்கையில் எது நிறைவாகக் கேட்கிறதோ அதில் விடுவார்கள். கெயின் திருகிதான் சோதனை. “அண்ணை, அடி காணாது, இன்னும் கூட்டுங்கோ” என்பான் பெடியன். “கூட்டலாம் தம்பி, பிறகு பாட்டுக் கேளாது” என்பார் அவர். அந்தப் பதிலுக்கே தனியாகக் காசு கொடுக்கலாம்.

வன்னியின் கிரவல் வீதிகள் கடைசிப் பரீட்சையை வைக்கின்றன. ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளே இறங்கி நாலு குழியில் விழுந்தெழுந்தால், இறுக்காத ஆணியும் ஒட்டாத பிளாஸ்ரிக்கும் தாமாகவே பேசத் தொடங்கும். கதவுத் தட்டுக்கும் இலக்கத்தகட்டுக்கும் பின்னால் பஞ்சுப் பட்டி ஒட்டியவர் அப்போதுதான் நினைவுக்கு வருவார்.

சப்பை நிறுத்தினால் பாட்டு மெலிய வேண்டும். ஓடும்போது அது எங்கே இருக்கிறது என்று தெரியக்கூடாது. நல்ல வேலைக்கு இதுவே அளவுகோல். பூட்டப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காசு கொடுக்குமுன் பொனற்றைத் திறந்து, பற்றரிக்குப் பக்கத்தில் பியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பாட்டு எவ்வளவு இனித்தாலும் வேலை இன்னும் முடியவில்லை.