சிற்றுருவில் ஒரு சஹன்

உணவைச் சிற்றுருவாகச் செய்து பார்ப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. சிறுமியரின் சொப்புச் சாமான்களும் நவராத்திரிக் கொலுவில் இடம்பெறும் செட்டியார் கடையும் அதன் பழைய வடிவங்கள். இன்று அது பாலிமர் களிமண் போன்ற புதுப் பொருள்களால் தனிக்கலையாக வளர்ந்துள்ளது. வாழையிலைச் சாப்பாட்டை உள்ளங்கைக்குள் அடக்கும் சென்னைக் கலைஞர் ஷில்பா மித்தா இத்துறையில் பரவலாக அறியப்பட்டவர். ஆவடியை அடுத்த கோவில்பதாகையில், காயல்பட்டினத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பத்து மாணவி வடித்த பிரியாணித் தட்டை அண்மையில் கண்டோம்.

பெயரில் களிமண் என்றிருப்பினும் இது மண்ணன்று, பி.வி.சி. துகளுடன் நெகிழ்வூட்டியும் நிறமியும் கலந்த பிசைபொருள். ஏறத்தாழ 130 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வீட்டு ஓவனிலேயே இறுகிவிடும். பொம்மை வீடுகளுக்குரிய 1:12 அளவில், 8 சென்டிமீட்டர் இட்லி 7 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். அம்மாணவி களியை நூலாக இழுத்து நறுக்கி அரிசி மணிகளாக்கியிருந்தார். வறுத்த வெங்காயத்தின் பழுப்புக்கு வண்ணக்கட்டியின் பொடியைத் தூரிகையால் ஒற்றியிருந்தார்.

மார்க்க நோக்கிலும் தயக்கத்திற்கு இடமில்லை. உருவங்கள் வரைந்து பிழைத்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம்.

எனினும் அத்தட்டு நம்மை நிறைவுறச் செய்யவில்லை. அது ஒருவருக்கான தட்டு. விளிம்பு துடைத்து வைத்தாற்போல் தூய்மை. முட்டை சரிபாதியாக வெட்டப்பட்டிருந்தது. விளம்பரப் படமொன்றை முன்வைத்துச் செய்தது என்பது விளங்கிற்று. உணவின் தோற்றம் அதில் இருந்தது, உண்பவர் இல்லை. காயல்பட்டினத்து விருந்துகளில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்பதன்றோ வழக்கம்? உங்கள் வீட்டு விருந்து இப்படித்தான் இருக்குமா என்று மட்டும் கேட்டோம்.

சில வாரங்கள் கழித்து வேறொன்றைக் காட்டினார். பாதி உண்ட சஹன். மூன்று பக்கங்களில் கை அளைந்த பள்ளங்கள். நான்காம் பக்கத்துச் சோறு கலையாமல் இருந்தது. நல்ல இறைச்சித் துண்டொன்று அப்பக்கமாக ஒதுக்கப்பட்டிருந்தது. வெளிநாட்டில் பணிபுரியும் வாப்பாவின் பக்கம் அது என்றார்.

அளவின் துல்லியத்தில் இரண்டாவது படைப்பு முந்தையதற்குச் சற்றுக் குறைந்ததே. அரிசி மணிகள் பருத்திருந்தன. ஆயினும் மெய்ம்மையில் இதுவே மேலானது என்பது நம் துணிபு. அசலைப் போன்றிருத்தல் என்பது மேற்பரப்பின் ஒப்புமையோடு முடிவதன்று. அவ்வுணவைச் சூழ்ந்த உறவும் அதில் புலப்பட வேண்டும். குறையொன்று சொல்வதானால், எங்கும் ஒரே சீராகப் பூசிய வார்னிஷ் மினுக்கத்தைச் சொல்லலாம். காத்திருக்கும் சோற்றில் நெய் உறைந்து மங்கியிருக்கும். அதை அவர் இனித்தான் கற்க வேண்டும்.